நகைக்கடை அலாரத்துக்குச் சான்றிதழ் உள்ள கண்காணிப்பு மையம் வேண்டுமா?

பினாங்கு ஸ்திரீட் நகைக்கடை:
லிட்டில் இந்தியாவில் அப்பா காலத்திலிருந்து நடத்தும் கடை. அலாரம் மானிட்டரிங் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இரண்டு கம்பெனிகள் விலை கொடுத்திருக்கின்றன. ஒன்றிடம் கேடிஎன் (மலேசிய உள்துறை அமைச்சு) லைசென்ஸ் மட்டும். மற்றது இஎன் 50518 என்ற, கண்காணிப்பு மையங்களுக்கான ஐரோப்பியத் தரத்தின் சான்றிதழ் பெற்ற மையமாம். மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். அந்தச் சான்றிதழை நம்பிக் கொடுக்கலாமா?

பிறை கிடங்கு:
கொடுக்காதீங்க அண்ணே. என் கிடங்கில் முதலில் போன் லைனை வெட்டினார்கள், அப்புறம் பின்பக்க ஷட்டரை நெம்பினார்கள். சான்றிதழ் உள்ள மையம்தான் கண்காணித்தது. காலையில் நான் போய்ப் பார்த்துவிட்டு, நான்தான் அவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன்! ஐரோப்பாவுக்காக எழுதிய தரம் நமக்கு எதற்கு? அந்தக் காசை நல்ல கிரில்லுக்கும் ஜாகாவுக்கும் (காவலாளிக்கும்) போடுங்கள்.

செபராங் ஜெயா அலாரம்காரர்:
மாதம் 100 வெள்ளிக்கு எந்த ஜாகாவும் வரமாட்டார். உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது, ஆனால் பழியை வேறு இடத்தில் போடுகிறீர்கள். இஎன் 50518 மையத்தின் அறையைப் பற்றியது: சுவர், கதவு, மாற்று மின்சாரம், ஆட்கள், பதில் சொல்லும் வேகம். கடையிலிருந்து மையத்துக்குப் போகும் பாதைக்கு இஎன் 50136 என்று தனித் தரம் இருக்கிறது. அதில் எஸ்பி2 வகை என்றால், லைன் செத்தது மையத்துக்குத் தெரிய 25 மணி நேரம் வரை ஆகலாம். எஸ்பி4 என்றால் 3 நிமிடம். உங்கள் அலாரம் பேனல், அதாவது சிக்னல் அனுப்பும் பெட்டி, எந்த வகை என்று யாராவது சொன்னார்களா?

பிறை கிடங்கு:
யாரும் சொல்லவில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன். ஃபிரேம் போட்டு மாட்டிய சான்றிதழைக் காட்டிக் காசு வாங்கினார்கள், லைனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரன் எப்படி இதையெல்லாம் தெரிந்துகொள்வான்?

கெப்போங் முன்னாள் ஆபரேட்டர்:
நான் கோலாலம்பூரில் ஒரு மானிட்டரிங் அறையில் இரவு வேலை பார்த்தவள். அங்கே சான்றிதழ் கிடையாது. ராத்திரி முழுக்க நான் ஒருத்திதான். மழை பெய்தால் இடியில் எல்லாக் கடையின் அலாரமும் ஒன்றாக அடிக்கும், திரை சிவப்பாக நிறைந்துவிடும். எது திருட்டு, எது ஈரம் என்று ஒவ்வொரு ஓனராகக் கூப்பிடுவேன். டாய்லெட் போனால் திரையைப் பார்க்க ஆளில்லை. இஎன் 50518 எப்போதும் குறைந்தது இரண்டு ஆபரேட்டர்கள் இருக்க வேண்டும் என்கிறது. தீ அலாரத்திலும், மிரட்டும்போது அழுத்தும் பட்டனிலும் 80 சதவீதத்துக்கு 30 விநாடிக்குள், 98.5 சதவீதத்துக்கு 60 விநாடிக்குள் கை வைக்க வேண்டும். திருட்டு அலாரத்துக்கு அதே சதவீதங்களுக்கு 90, 180 விநாடி. கேடிஎன் லைசென்ஸ் கம்பெனியையும் ஆட்களையும் பார்க்கிறது. இந்த விநாடிக் கணக்கு அதில் வராது. பட்டனை அழுத்திவிட்டு நிற்பவருக்கு அந்த விநாடிகள்தான் உயிர்.

பிறை கிடங்கு:
அக்கா, 30 விநாடியில் போனை எடுத்தாலும் போலீஸ் வரும் நேரத்தை எந்தத் தரமும் குறைக்காது. கதவு தாங்க வேண்டும். முதல் செலவு கதவுக்கு.

செபராங் ஜெயா அலாரம்காரர்:
கதவுக்கு நானும் எதிரி இல்லை. ஆனால் கதவு தாங்கும் நேரத்துக்குள் யாராவது கிளம்ப வேண்டுமே. நகைக்கடை அண்ணே, சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் இருக்கும் முகவரியும் உங்கள் சிக்னல் போகிற அறையின் முகவரியும் ஒன்றா பாருங்கள். 2019 பதிப்பின்படி தணிக்கை நடந்ததா, எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். பேனலில் இரண்டு பாதை இருக்கட்டும், ஃபைபர் ஒன்று, 4ஜி சிம் ஒன்று. 2021 முடிவில் 3ஜியை நிறுத்தினார்கள். சிக்னல் அனுப்பும் உங்கள் மோடம் அதற்கு முன் வாங்கிய 3ஜி மோடமா?

பினாங்கு ஸ்திரீட் நகைக்கடை:
முன்பு வாங்கியதுதான். பதிலளிக்கும் நேரத்தை எப்படிச் சரிபார்ப்பது?

கெப்போங் முன்னாள் ஆபரேட்டர்:
ஒவ்வொரு சிக்னலும் வந்த நேரம், ஆபரேட்டர் தொட்ட நேரம் இரண்டும் கணினியில் பதிவாகும். போன மாதத்தின் லாக்கைக் கேளுங்கள், தேதியை நீங்களே தேர்ந்தெடுங்கள். ராத்திரி 3 மணிக்கு ஒரு டெஸ்ட் சிக்னலும் விட்டுப் பாருங்கள்.

பிறை கிடங்கு:
லாக் தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த அளவுக்கு நானும் அக்கா பக்கம்தான். ஆனால் கிரில்லை இந்த வாரமே மாற்றுங்கள் அண்ணே.