உகந்தை வீதியில் மறித்த தனியன்

காட்டு விலங்கை நேருக்கு நேர் கண்ட அனுபவத்தைக் கேட்டதற்கு, எல்லோரும் சிறுத்தை, கரடி என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது வெறும் யானைக் கதைதான்.

ஒரு மாசி மாதம், மட்டக்களப்பிலிருந்து நானும் மச்சானும் மோட்டார் சைக்கிளில் உகந்தை முருகனைக் கும்பிடப் போனோம். பொத்துவில், அறுகம்குடா தாண்டிப் பாணமை வரை நல்ல தார் வீதி. அதற்கு அப்பால் கிறவல். இரு பக்கமும் பற்றைக்காடு, நடுநடுவே மொட்டைப் பாறைகள். கடல் கண்ணில் படாது, காற்று திரும்பினால் இரைச்சல் மட்டும் கேட்கும். கதிர்காமக் கொடியேற்றம் நெருங்கும் நாட்களில் பாதயாத்திரைக்காரர்களால் நிறையும் பாதை அது. அன்று எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை.

ஒரு வளைவில் தனி யானை ஒன்று நின்றது. புல்லைக் காலால் உதைத்துப் பிடுங்கி, முழங்காலில் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு, ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. கொம்பு இல்லை.

"பெட்டைதான், ஒண்டும் செய்யாது" என்று மச்சான் பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்தான். கோவிலுக்கு வாங்கிய பழம்!

பின்னால் நெல் மூட்டையோடு ஒரு உழவு மெசின் வந்து நின்றது. ஓட்டி வந்த பெரியவர் சத்தம் போடாமல் சொன்னார்: "பழத்த உள்ள வை மனே. கொம்பில்லாட்டிப் பெட்டையா? கன்னத்தப் பாரு."

அப்போதுதான் கவனித்தேன். கண்ணுக்கும் காதுக்கும் இடையிலிருந்து வாய்வரை, எண்ணெய் ஊற்றியதுபோல் கறுத்த ஈரக் கோடு. மதநீர்; மதம் பிடித்த ஆண் யானைக்கு வடிவது. இலங்கையில் ஆண் யானை பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு இருப்பதில்லை. கோவில் ஊர்வலங்களில் கொம்பனையே பார்த்துப் பழகிய எங்களுக்கு அது உறைக்கவில்லை. பழம் கொடுப்பதும் பாவம் பார்த்துச் செய்கிற வேலையில்லை. புத்தல–கதிர்காம வீதியில் யானைகள் வாகனத்தை மறித்துத் தீன் கேட்பது இப்படி நீட்டி நீட்டிப் பழக்கியதால்தான்.

மெல்லப் பின்னுக்கு எடுத்து, மெசினுக்கு அங்கால் நின்றோம். ஹோர்ன் அடிக்க வேண்டாம், எஞ்சினை நிறுத்தவும் வேண்டாம் என்றார் பெரியவர். ஒருதரம் அதன் காதாட்டம் அப்படியே நின்றது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிறகு மறுபடி புல்லை உதைக்கத் தொடங்கியது. முக்கால் மணி நேரத்துக்குப் பின்தான் காட்டுக்குள் இறங்கியது.

உகந்தையில் அர்ச்சனைத் தட்டில் வைக்கும்போது சீப்பில் இரண்டு பழம் குறைந்தது. காத்திருந்த நேரத்தில் பெரியவர் கேட்டு வாங்கித் தின்றிருந்தார்.