மணல் வாசலுக்கு அடம்பங்கொடி சரிப்படுமா?

உப்புக்காற்று: வேளாங்கண்ணிப் பக்கம் வீடு. முன்னால் வெறும் மணல்தான். காற்று அடித்தால் படிக்கட்டு வரை வந்து குவிகிறது. செம்மண் கொட்டி கொரியன் புல் போடச் சொல்கிறார் நர்சரிக்காரர். அப்பா அடம்பங்கொடி போதும் என்கிறார். எதைச் செய்ய?

நெய்தல்நிலா: அப்பா பேச்சைக் கேளுங்கள் தம்பி. கொரியன் புல் போட்டால், மணலில் தண்ணீர் தங்காது. கோடை முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடம்பு அப்படியில்லை. தரையில் ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர் விடும். பறந்து வரும் மணல் இலையில் தட்டி அங்கேயே படியும். கொடி அதன் மேல் ஏறி மறுபடி வேர் பிடிக்கும். ஆட்டுக்குளம்பு போல் பிளந்த அந்தத் தடித்த இலை உப்புக்காற்றுக்குக் கருகாது. காலையில் ஊதாப் பூ வேறு.

தோட்டத்துமல்லி: கடற்கரைக்குச் சரி அக்கா, வீட்டுக்கு? ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பார்களே, அந்த மிடுக்குதான் எனக்குப் பயம். ஒரு கொடியே பத்து மீட்டருக்கு மேல் ஓடும். பூப்பாத்தியை மூடிவிடும். மிதித்தால் தண்டு நசுங்கும், பிள்ளைகள் விளையாட முடியாது. உள்ளே பாம்பு கிடந்தாலும் தெரியாது. பொடுதலை போடுங்கள், தரையோடு படியும், கால் பட்டாலும் தாங்கும், பட்டாம்பூச்சியும் வரும்.

நெய்தல்நிலா: பொடுதலை வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் செழிக்கிற செடி. ஈரமே இல்லாத மணலில், சித்திரை வெயிலில் எப்படிப் பரவும்? பாம்பு பயம் நியாயம்தான். படிக்கட்டைச் சுற்றியும் நடைபாதையிலும் கொடியை விடக்கூடாது. எல்லை தாண்டினால் வெட்டிவிடலாம்.

தோட்டத்துமல்லி: வெட்டுவது யார்? மழைக்காலத்தில் கொஞ்சம் அசந்தால் போதும், பக்கத்து வீட்டு வேலிக்குள் போய்விடும்.

உப்புக்காற்று: கடலைப் பார்த்த ஓரத்தில் மட்டும் விட்டால்? எப்படி நடுவது?

நெய்தல்நிலா: அங்கேதான் அதற்கு வேலையே. மூன்று நான்கு கணு உள்ள தண்டை ஐப்பசி மழையோடு மணலில் படுக்க வைத்துப் புதையுங்கள், நுனி மட்டும் வெளியே தெரியட்டும். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் தெளித்தால் போதும். விதை என்றால் தோல் கெட்டி. உப்புத்தாளில் தேய்த்து ஊறப்போட வேண்டும். கடற்கரை மணல்மேட்டில் வேரோடு மட்டும் பிடுங்காதீர்கள். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

தோட்டத்துமல்லி: ஓரத்தோடு நின்றால் எனக்கும் சம்மதம். ஆனால் கிணற்றடியில் ஈரம் இருக்கும் தம்பி, அங்கே பொடுதலைதான். நீண்டு வரும் அடம்புத் தண்டைக் கணு வேர் பிடிக்கும் முன்பே தூக்கித் திருப்பிவிடுங்கள். பிடித்துவிட்டால் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.