கும்பகோணத்தில் காரை எங்கே நிறுத்துவது, எங்கே சாப்பிடுவது?

கேட்டவர்: மன்னார்குடி வாசகர்

வணக்கம். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குடும்பத்துடன் காரில் கும்பகோணம் வந்து, கும்பேஸ்வரரைத் தரிசித்து, சாரங்கபாணிப் பெருமாளைச் சேவித்து, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குக் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைக் காட்டிவிட்டு, மதிய உணவையும் நகருக்குள்ளேயே முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்ப எண்ணியிருக்கிறோம். நாங்கள் ஐந்து பேர். என் தாயாருக்கு 74 வயது. இரண்டு முழங்கால்களிலும் வலி இருப்பதால் நெடுந்தூரம் நடக்க இயலாது.

சென்ற ஆண்டு இதே போல வந்தபோது கடைத்தெருவுக்குள் காரைக் கொண்டுவந்துவிட்டு, நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் சுற்றி, கடைசியில் ஒரு வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தினேன். நாங்கள் கோயிலை அடைவதற்குள் நடை சாத்திவிட்டார்கள். திரும்பி வந்தபோது, அந்த வீட்டில் உடல்நலமில்லாத பெரியவர் ஒருவர், வாசலுக்கு ஆட்டோ வர முடியாததால் தெருமுனை வரை நடந்தே போய் ஏறினார் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் காரை நிறுத்தவும், அம்மாவை அலைக்கழிக்காமல் நல்ல உணவு உண்ணவும் உள்ளூர்க்காரர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: காவிரிக்கரைவாசி

ஐயா, நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வசிக்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது வெளியூரிலிருந்து வருகிற பலருக்கும் நேர்வதுதான். கோயில் வாசல் வரைக்கும் காரிலேயே போய்விடலாம் என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம். வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் அணைத்திருக்க, நடுவில் கோயில்களைச் சுற்றி வீதிகள் வளர்ந்த ஊர் இது. தேரோடும் வீதிகள் மட்டும் ஓரளவு அகலமாக இருக்கின்றன. அவற்றை இணைக்கிற தெருக்கள் மனிதர் நடக்கவும் மாட்டுவண்டி போகவும் அமைந்தவை. தெற்கே இருக்கிற ராமசாமி கோயிலையும் வடக்கே காவிரிக்கு அருகில் இருக்கிற சக்கரபாணி கோயிலையும் இணைத்து, நாயக்கர் காலத்தில் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் ஏற்படுத்திய கடைவீதிதான் இன்றும் வியாபாரம் நடக்கிற சின்னக் கடைத்தெரு. நானூறு ஆண்டுகளுக்கு முன் நடந்து போவதற்காக உருவான கடைவீதியில் இன்று இருபுறமும் கார் நிறுத்தினால், எதிரில் வருகிற ஆட்டோவுக்குக் கூட வழி இராது.

நீங்கள் மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம், வலங்கைமான், சாக்கோட்டை வழியாக வருவீர்கள் என்று கருதுகிறேன். அப்படியானால் அரசலாற்றுப் பாலத்தைக் கடந்தவுடன் கடைத்தெருப் பக்கம் திரும்பாமல் மகாமகக் குளத்துக்கு வாருங்கள். ஆறு ஏக்கருக்கு மேல் பரந்த அந்தக் குளத்தையும், கோவிந்த தீட்சிதர் கட்டுவித்த பதினாறு மண்டபங்களையும் சுற்றி நான்கு பக்கமும் சாலை உண்டு. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றன. மாசிமகம் போன்ற விழா நாட்களில் மட்டும் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள். நீங்கள் வருவது ஆவணி என்பதால் அந்தக் கவலை இல்லை. தடைப் பலகை இல்லாத இடமாகப் பார்த்து, மண்டபங்களின் படிகளையும் வீட்டு வாசல்களையும் மறைக்காமல் நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஆட்டோவில் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுங்கள். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

நேரம்தான் இன்னும் முக்கியம். இங்குள்ள பெரிய கோயில்கள் நண்பகலை ஒட்டி நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணிக்குப் பிறகே திறக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நவக்கிரகக் கோயில்களைச் சுற்றி வருகிற வேன்கள் கும்பகோணத்தில்தான் தங்குகின்றன. விடியற்காலையில் புறப்பட்டுப் போய், பசியோடு நண்பகலில் நகருக்குத் திரும்புகின்றன. மாலையில் ராகு காலம் நாலரைக்குத் தொடங்குவதால், அருகிலுள்ள திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்கு நடக்கிற பாலபிஷேகம் காண்பதற்காக அந்த ஊர்ச் சாலையிலும் வண்டிகள் பெருகிவிடும். ஆகவே நீங்கள் காலை ஏழரை மணிக்குள் மகாமகக் குளத்தை அடைந்தால், காலைச் சிற்றுண்டி, இரண்டு கோயில்கள், ராமானுஜன் வீடு எல்லாவற்றையும் பதினொன்றரைக்குள் நிதானமாக முடித்துவிடலாம். பத்து மணிக்கு வந்தால் சென்ற ஆண்டு நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

பதில் 2: பாத்திரக்கடை வைத்திருப்பவர்

முன்னவர் கூறியதை அப்படியே ஏற்கிறேன். கடைக்காரன் என்ற முறையில் ஒன்றிரண்டு சேர்க்க விரும்புகிறேன். ஆவணியில் முகூர்த்த நாட்கள் மிகுதி. ஞாயிறும் முகூர்த்தமும் ஒன்றாக அமைந்தால், சீர்ப் பாத்திரமும் குத்துவிளக்கும் வாங்க வருகிறவர்களும், திருமண மண்டபங்களுக்குப் போகிற வண்டிகளுமாகத் தெருக்கள் காலையிலேயே நிறைந்துவிடும். புறப்படும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். அது முகூர்த்த நாளாக இருந்தால் வேறொரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கடை வாசலில் காரை நிறுத்தினால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார் என்று பலர் குறைப்படுகிறார்கள். பத்தடி அகல வாசல் உள்ள கடைக்கு முன்னால் ஒரு கார் இரண்டு மணி நேரம் நின்றால், அந்த இரண்டு மணி நேரமும் கடை மூடிக் கிடப்பதற்குச் சமம். சரக்கு இறக்குகிற வண்டியும் நெருங்க முடியாது. சட்டமும் இதையே சொல்கிறது: 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, சாலைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், நடைபாதையிலும், பேருந்து நிறுத்தத்தின் அருகிலும், எந்தவொரு கட்டடத்தின் நுழைவாயிலை மறித்தும் வண்டியை நிறுத்தக் கூடாது. எங்கள் தெருக்களில் ஐம்பது மீட்டருக்கு ஒரு சந்திப்பு வந்துவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், உள்ளே முறைப்படி கார் நிறுத்த இடமே இல்லை என்பது விளங்கும்.

இன்னொரு வழியும் உண்டு. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை உங்கள் மகள் இதுவரை பார்த்ததில்லை என்றால், நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிற அந்தக் கோயிலையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சோழர் கோயில் அது. நகருக்குள் இருக்கிற நெருக்கடி அங்கே கிடையாது.

பதில் 3: சாரங்கபாணி கோயில் அருகில் வசிக்கும் அம்மா

தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றித்தான் எனக்கு எண்ணம். எனக்கும் முழங்கால் வலி உண்டு. அதனால் படிகளின் கணக்கு எனக்கு மனப்பாடம்.

கும்பேஸ்வரர் கோயிலில் அம்மாவுக்குச் சிரமம் குறைவு. கிழக்குக் கோபுரத்துக்கு வருகிற வழி கூரை வேய்ந்த நீண்ட மண்டபம். இருபுறமும் கடைகள் இருக்கும். வெயிலும் மழையும் படாது, நடுவில் நின்று இளைப்பாறலாம். சாரங்கபாணி கோயில் அப்படி இல்லை. குதிரைகளும் யானைகளும் இழுக்கிற தேர் போலக் கருவறை உயரமாக அமைந்திருப்பதால், பெருமாளைச் சேவிக்கப் படியேற வேண்டும். உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு உண்டு. தை முதல் ஆனி வரை ஒன்று, ஆடி முதல் மார்கழி வரை மற்றொன்று திறந்திருக்கும். நீங்கள் வருகிற ஆவணியில் தட்சிணாயன வாசல் வழியாக ஏற வேண்டும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் கை கொடுத்தால் ஏறிவிடலாம். முடியவில்லை என்றால் தாயார் சன்னதியில் கோமளவல்லியைச் சேவித்துவிட்டு மண்டபத்தில் உட்காரட்டும். இந்தப் பெருமாளைச் சேவிக்கும் முன் தாயாரைச் சேவிப்பதுதான் எங்கள் வழக்கமும்.

ஆகவே முதலில் சாரங்கபாணிக்குப் போங்கள்; காலையில் கால் ஓய்ந்திருக்கும்போது படியேறுவது எளிது. முன்னவர்கள் முதலிலேயே காரை விட்டுவிடச் சொல்கிறார்கள். அம்மா இருப்பதால் நான் சற்று மாற்றிச் சொல்வேன். ஏழரை மணிக்குத் தெரு காலியாகத்தான் இருக்கும். அம்மாவையும் பிள்ளைகளையும் உங்கள் மனைவியோடு சன்னதித் தெருவில் இறக்கிவிட்டு, நீங்கள் மட்டும் காரை மகாமகக் குளத்தில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் திரும்பி வாருங்கள். ராமானுஜன் வாழ்ந்த வீடும் அதே சாரங்கபாணி சன்னதித் தெருவில்தான் இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பழைய ஓட்டு வீடாகவே காத்துவருகிறது. சிறிய வீடு, நடை மிச்சம். அங்கிருந்து கும்பேஸ்வரருக்கும் ஆட்டோவிலேயே போங்கள்.

பதில் 4: சமையலில் ஈடுபாடுள்ளவர்

உணவைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். காலைச் சிற்றுண்டிக்கு, கும்பேஸ்வரர் கோயிலை ஒட்டியிருக்கிற மங்களாம்பிகா விலாஸை உள்ளூரில் யாரும் முதலில் சொல்வார்கள். பழைய காலத்துச் சிறிய இடம். பெரிய அறைகளை எதிர்பார்க்க வேண்டாம். காந்தி பூங்காவுக்கு அருகிலிருக்கிற வெங்கட்ரமணா உணவகமும் நெடுங்காலப் பெயர் பெற்றது. அங்கே காலைச் சிற்றுண்டியும் மதிய இலைச் சாப்பாடும் கிடைக்கும். எந்த உணவகமானாலும், ஞாயிறன்று திறந்திருக்குமா என்பதை முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

காபியை அவசரமாகக் குடிக்காதீர்கள். டிகிரி காபி என்ற பெயருக்கு ஒவ்வொருவரும் ஒரு விளக்கம் சொல்வார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்மானியை வைத்துப் பார்த்த அளவிலிருந்து பெயர் வந்தது என்பது ஒன்று. வடிகட்டியில் முதலில் இறங்குகிற டிகாஷனைக் குறித்தது என்பது மற்றொன்று. எதுவாயினும், தண்ணீர் கலக்காத பசும்பாலும், அன்றன்று இறக்கிய, சிக்கரி அளவாகச் சேர்ந்த முதல் டிகாஷனும், சூட்டைக் காக்கிற பித்தளை டபரா டம்ளரும் சேர்ந்தால்தான் அந்தச் சுவை. நெடுஞ்சாலை முழுவதும் இதே பெயரில் பலகைகள் இருக்கின்றன. பெயரை நம்பி நிறுத்தி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஊருக்குள் குடித்துப் பாருங்கள்.

உங்களுக்கு வாய்த்தால் கடப்பாவைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேக வைத்து, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா அரைத்துவிட்டுச் செய்கிற இந்தத் தொட்டுகை, இந்தத் தஞ்சைச் சீமையைத் தாண்டினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சாம்பாரைப் போலப் புளிப்பு இராது, குருமாவைப் போல மசாலாவும் தூக்கலாக இராது. இட்லியின் மேல் ஊற்றி ஊற விட்டுச் சாப்பிட வேண்டும். எல்லா உணவகங்களிலும் எல்லா நாளும் செய்யமாட்டார்கள். உட்கார்ந்தவுடன் “இன்றைக்குக் கடப்பா உண்டா?” என்று கேட்டுவிடுங்கள்.

மதிய உணவுக்குப் பன்னிரண்டு மணிக்குள் இலை முன் உட்கார்ந்துவிடுங்கள். பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை வேன்களில் வருகிற கூட்டத்தோடு சேர்ந்து, சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது கோயில் படிகளை விடக் கடினம். அசைவம் வேண்டுமென்றால் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பாருங்கள்.

கேட்டவர்: மன்னார்குடி வாசகர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தட்சிணாயன வாசல் வழியாக ஏறியே தீருவேன் என்கிறார். முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகத் தேர்ந்துகொண்டேன். உணவுக்குப் பிறகு அம்மா சற்று இளைப்பாற இடம் கிடைக்குமா? வெற்றிலையும் வாங்கிவரச் சொல்கிறார். எங்கே நல்லதாகக் கிடைக்கும்?

பதில் 5: காவிரிக்கரைவாசி

மகாமகக் குளத்தின் அருகிலும் நகரின் பிற இடங்களிலும், தங்கும் அறைகளும் உணவகமும் சொந்த வாகன நிறுத்தமும் உள்ள விடுதிகள் உண்டு. பயணத்துக்கு முன் பேசி, பகலில் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை தருவார்களா என்று கேளுங்கள். தருவார்களானால் காலையிலேயே காரை அங்கே விட்டுவிடலாம். தெருவில் நிறுத்த வேண்டிய தேவையே எழாது. பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு அந்தச் செலவு வீணாகாது.

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காவிரிக் கரை ஊர்களின் கொடிக்கால்களிலிருந்து வருகிற இளம் வெற்றிலை மெல்லியதாக, காரம் குறைவாக இருக்கும். கோயில் வாசல் கடைகளிலும் கடைத்தெருவிலும் கவுளியாகக் கட்டி வைத்திருப்பார்கள். காலையில் வாங்கினால் காருக்குள் வெயிலில் வாடிவிடும். ஆகவே கிளம்புகிற நேரத்தில் வாங்கி, ஈரத் துணியில் சுற்றி அம்மாவின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.