பொருள்: மறு: பூட்ஸ்ட்ராப் – ‘பிரையிடல்’ சரிவருமா?

வணக்கம். ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியின் நிறுவல் குறிப்பில் வரும் ‘பூட்ஸ்ட்ராப்’ (ஒரு நிரல் தன்னைத்தானே கட்டிக்கொள்ள உதவும் முதற்கட்ட வேலை) என்பதற்கு நான் சொன்ன ‘பிரையிடல்’ பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் இது.

> ஈமேக்ஸ் நிறுவல் குறிப்பில் பூட்ஸ்ட்ராப் வரும் இடமெல்லாம் ‘தன்தொடக்கம்’ என்று போட்டுவிடலாமே?

கணினி பூட் ஆவதற்கு அது பொருந்தலாம். ஈமேக்ஸில் நடப்பது வேறு. கிட் களஞ்சியத்திலிருந்து (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் இடம்) எடுத்த மூலநிரலில் ஆட்டோஜென், கான்ஃபிகர் என்ற ஆயத்த நிரல்கள் இரண்டும் ஓடி முடிந்த பின், நிரலைக் கட்டும் கருவியான மேக் கொடுக்கிறோம். முதலில் சி நிரல்கள் மட்டும் இணைந்து டீமேக்ஸ் உருவாகிறது. அதற்கு லிஸ்ப் (ஈமேக்ஸின் பெரும்பகுதி எழுதப்பட்ட மொழி) படிக்கத் தெரியும், அவ்வளவுதான். அது லோடப் கோப்பின் வழியாக, நிரல்பெயர்க்காத (கம்பைல் செய்யாத) ஈஎல் கோப்புகளை, அதாவது லிஸ்ப் மூலக் கோப்புகளை, அப்படியே ஏற்றி, நினைவகத்தில் இருப்பதை ஒரு கோப்பில் இறக்கிவைக்கிறது. இதுதான் பூட்ஸ்ட்ராப்-ஈமேக்ஸ். லிஸ்ப் நிரல்பெயர்ப்பியும் லிஸ்பிலேயே எழுதப்பட்டது. ஆகவே இது முதல் வேலையாக அந்தப் பெயர்ப்பியின் கோப்புகளையே நிரல்பெயர்க்கிறது: பைட்காம்ப், பைட்-ஆப்ட், மேக்ரோஎக்ஸ்ப், சிகான்வ். மற்ற கோப்புகள் அதன் பிறகுதான். அவற்றை மீண்டும் ஏற்றி இறக்கினால் கிடைப்பது நாம் பயன்படுத்தும் ஈமேக்ஸ்.

தயிர் உறைய முன்பே கொஞ்சம் தயிர் வேண்டும். அந்தக் கொஞ்சத்துக்குத் தமிழில் ‘பிரை’ என்று பெயர் இருக்கிறது. பிரையிடு, பிரையிடல், பிரை-ஈமேக்ஸ்: வினை, பெயர், அடை மூன்றும் சிரமமில்லாமல் வருகின்றன.

> ‘உறை’ என்றால் எல்லோருக்கும் தெரியுமே? பிரை பல வீடுகளில் வழக்கொழிந்துவிட்டது.

உறைமோர் என்று முழுதாகச் சொன்னால் தெரியும். தனியாக ‘உறை’ என்றால் அஞ்சல் உறை நினைவுக்கு வரும். நிரல் அசையாமல் நின்றுபோவதையும் ‘உறைந்தது’ என்றே எழுதுகிறோம். ‘உறையிடும்போது உறைந்தது’ என்ற வரியைப் பயனர் எப்படிப் படிப்பார்? குறைவாக வழங்கும் சொல்லுக்கு வேறு பொருள் ஒட்டியிருக்காது, கலைச்சொல்லுக்கு அது வசதி.

> ஈமேக்ஸ் வெளியிலிருந்து பிரை வாங்குவதில்லை. ஜிசிசிக்கு வேண்டுமானால் பொருந்தும்.

நியாயமான மறுப்பு. ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பி, கணினியில் ஏற்கெனவே உள்ள சி++ நிரல்பெயர்ப்பியைக் கொண்டு தன் முதல் நிலையைக் கட்டி, அதனால் இரண்டாவதையும் அதனால் மூன்றாவதையும் கட்டி, பின்னிரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஈமேக்ஸ் தன் பிரையைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பிரை எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேறுபாடு, அதன் வேலை இரண்டிலும் ஒன்றே. அதனால் இரண்டுக்கும் இதே சொல் போதும்.

இந்தச் சொல்லை நான் வலியுறுத்த இன்னொரு காரணம், பழுதை விளக்க அது உதவுகிறது. கிட் புல் செய்து புதிய மாற்றங்களை எடுத்தபின் மேக் கொடுத்தால், கைவைக்காத ஏதோ ஒரு கோப்பில் ‘வாய்ட்-ஃபங்ஷன்’ (அப்படியொரு செயற்கூறு இல்லை) பிழை வருவதுண்டு. ஈஎல்சி (நிரல்பெயர்த்த) கோப்பு பழையதா என்பதை மேக் அதற்குரிய ஈஎல் கோப்பின் நேரத்தை வைத்தே முடிவு செய்கிறது. வேறொரு கோப்பில் உள்ள மேக்ரோ (நிரல்பெயர்க்கும்போது வேறு நிரலாக விரியும் சுருக்கம்) மாறினால், அதன் பழைய விரிவு இந்த ஈஎல்சிக்குள் அப்படியே தங்கிவிடும். அந்த விரிவு, இப்போது நீக்கப்பட்டுவிட்ட ஒரு செயற்கூறைக் கூப்பிடும். புளித்த பிரை என்றால் உடனே விளங்கும். தீர்வு மேக் பூட்ஸ்ட்ராப்: ‘புதிதாகப் பிரையிட்டுக் கட்டு’. அதுவும் தவறினால் கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ், பிறகு ஆட்டோஜெனிலிருந்து மறுபடி. இது கிட் அறியாத எல்லாக் கோப்பையும் அழிக்கும். அந்த அடைவில் சொந்தக் கோப்பு எதையாவது வைத்திருந்தால் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

வெளியீட்டுப் பொதியில் ஈஎல்சி கோப்புகள் ஆயத்தமாகவே வருகின்றன. அதைப் பதிவிறக்குபவருக்குப் பிரையிடல் தேவைப்படாது. இதைக் குறிப்பின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

கம்பைல் என்பதற்குத் ‘தொகு’ வேண்டவே வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்றால் எடிட். உரைத்தொகுப்பியைத் தொகுப்பியால் தொகுக்கச் சொன்னால் யாருக்கும் புரியாது. எடிட்டருக்கு உரைத்திருத்தி, கம்பைலருக்கு நிரல்பெயர்ப்பி, பில்டுக்குக் கட்டு என்று பிரித்துவைப்போம்.

பி.கு.: கான்ஃபிகர் முடிவில் வரும் பட்டியலில் ஹார்ஃப்பஸ் வரிக்கு ‘யெஸ்’ இருக்கிறதா என்று பார்க்கும்படி குறிப்பில் சேர்க்க வேண்டும். பதிப்பு 27 முதல் எழுத்து வடிவமைப்பை அந்த நூலகம்தான் கவனிக்கிறது. டெபியன், உபுண்டுவில் அதன் ‘டெவ்’ பொதி (கட்டுவதற்கு வேண்டிய கோப்புகள்) இல்லாவிட்டாலும் கான்ஃபிகர் நிற்காது, பிழையும் காட்டாது. கட்டி முடித்துத் திறந்து பார்க்கும்போதுதான் ‘கொ’, ‘கௌ’ எல்லாம் துண்டு துண்டாகத் தெரியக்கூடும்.