ஊரடங்குக் காலத்தில் நம் ப்ளூஸ் ஜாம்: அவரவர் அனுபவத்தை எழுதுங்கள்

ஜாமை நடத்துபவர், கிட்டார்:

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த வாரமே நம் ஜாம், அதாவது வாராவாரம் கூடி ஒத்திகை இல்லாமல் ப்ளூஸ் வாசிக்கும் கூட்டம், நின்றுபோனது. அப்புறம் மறுபடி கூடும்வரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசிப்பைக் காப்பாற்றிக்கொண்டோம். சிலர் விட்டுவிட்டார்கள், சிலர் நம்மை விட்டே போய்விட்டார்கள். இதையெல்லாம் இரண்டு பாட்டுக்கு நடுவே துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோமே தவிர யாரும் முழுசாகச் சொன்னதில்லை. இங்கே எழுதுங்கள், சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

நானே தொடங்குகிறேன். வீடியோ காலில் ஜாம் வைத்துவிடலாம் என்று முதலில் எல்லோரும் உற்சாகமாக இருந்தோம். ஏ சுருதியில் ஒரு மெதுவான ஷஃபிள் (ஊஞ்சல் மாதிரி ஆடும் தாளம்), எல்லோருக்கும் கைப்பழக்கம். நான் எண்ணிக் கொடுத்தேன், நாலு பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) தாண்டுவதற்குள் தாளம் இழுக்க ஆரம்பித்தது. பேஸ் கிட்டார்காரர் பின்னால் வருகிறார் என்று நான் காத்திருக்கிறேன், நான் பின்னால் வருகிறேன் என்று அவர் காத்திருக்கிறார், ப்ளூஸின் ஒரு சுற்றான பன்னிரண்டு பார் முடிவதற்குள் பாட்டு நின்றே போனது. அந்த மென்பொருள்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீட்டி அடித்த ஸ்வரத்தை இரைச்சல் என்று வெட்டிவிடும், ஒருவர் ஒலித்தால் இன்னொருவரை அமுக்கிவிடும். ப்ளூஸில் பாடகர் ஒரு வரி பாடினால் கிட்டார் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலைத்தான் அது அமுக்கியது.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். மேடையில் மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் டிரம்மரின் அடி நம் காதுக்கு வர 10 மில்லிசெகண்ட் கூட ஆகாது. 25, 30 வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் சேர்ந்து வாசிப்பது கஷ்டம். வீடியோ காலின் தாமதம் 150ஐச் சுலபமாகத் தாண்டும், அதாவது டிரம்மர் ஐம்பது மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். யாருக்கும் தாளம் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் மனசு ஆறியது.

பேஸ் வாசிப்பவர்:

அந்த இரவு எனக்கும் மறக்காது. நான் அதோடு விடவில்லை. இணையத்தில் சேர்ந்து வாசிக்க உதவும் மென்பொருள்களான ஜாமுலஸ், ஜாக்டிரிப் இரண்டையும் பார்த்தேன், இரண்டும் தாமதத்தைக் குறைக்கத்தான் உருவானவை. ஒரே ஊருக்குள், வைஃபை இல்லாமல் கேபிள் போட்டு, நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவியைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இருந்தால் நிஜமாகவே சேர்ந்து வாசிக்கலாம். ஆனால் நம்மில் பாதிப் பேரிடம் அந்தச் சாமான் எதுவும் இல்லை.

எனக்குக் கைகொடுத்தது நிஞ்ஜாம் என்ற மென்பொருள். வினாம்ப் என்ற பாட்டு இயக்கும் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் வேலை, 2005இலேயே வந்துவிட்டது. அது தாமதத்தோடு சண்டை போடுவதில்லை, இன்னும் கூட்டிவிடுகிறது. நீங்கள் இந்தச் சுற்றில் வாசிப்பதை நான் அடுத்த சுற்றில்தான் கேட்பேன். சுற்றின் நீளத்தை 48 அடி என்று வைத்துவிட்டால் நம் பன்னிரண்டு பார் அப்படியே உள்ளே உட்கார்ந்துவிடும். போன சுற்றின் ஐந்தாவது பாரில் நீங்கள் நாலாம் கார்டுக்கு (நாலாம் ஸ்வரத்தின் மேல் அமையும் ஸ்வரக்கூட்டு) போனது எனக்கு இந்தச் சுற்றின் ஐந்தாவது பாரில் கேட்கும், அங்கே நானும் நாலாம் கார்டில்தான் இருப்பேன். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதால்தான் இது நடக்கிறது. மற்ற இசைக்காரர்கள் ப்ளூஸைப் பார்த்து எப்போதும் அதே மூன்று கார்டுதானே என்பார்கள். அதே மூன்று கார்டு என்பதால்தான் நாங்கள் பிழைத்தோம்.

அங்கே ஒரு பியானோக்காரரைச் சந்தித்தேன். வேறு கண்டம், எனக்கு நள்ளிரவு என்றால் அவருக்கு விடியும் நேரம். நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில் ஒரு சுற்று முப்பது நொடி. அவர் சோலோவை நான் அடுத்த சுற்றில் கேட்டு அதற்கு ஒரு பதில் கொடுத்தால், அது அவருக்குப் போய்ச்சேர இன்னொரு சுற்று. ஆக மொத்தம் ஒரு நிமிடம். ஒரு நிமிடம் கழித்து வரப்போகும் பதிலுக்கு இடம் விட்டு அவர் வாசிப்பார், அவ்வளவு பொறுமையான வாசிப்பை நான் மேடையில் கேட்டதில்லை. முகம் தெரியாது, பெயர்கூட அரைகுறையாகத்தான் தெரியும். இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம்.

டிரம்ஸ் வாசிப்பவர்:

எங்கள் கதை வேறு. கிட்டார்காரர்கள் சோபாவில் உட்கார்ந்தே லைவ் ஸ்ட்ரீம் செய்துவிடலாம், டிரம்மர் தனியாக ஷஃபிள் அடிப்பதை யார் கேட்பார்கள்? பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை வேறு. சத்தம் அதிகம் வராத ரப்பர் பேட், பிரஷ், இந்த இரண்டில்தான் என் ஆண்டு ஓடியது.

ஒருவர் பதிவு செய்து அனுப்ப அடுத்தவர் அதன்மேல் வாசிப்பது என்று நாம் ஆரம்பித்தோம் இல்லையா, அதில் முதலில் அடிக்க வேண்டியவன் நான்தான். தாளம் எண்ணித் தரும் மெட்ரோனோமை மட்டும் கேட்டுக்கொண்டு, இன்னும் பாடாத பாடகருக்காகவும் இன்னும் வராத சோலோவுக்காகவும் அடிக்க வேண்டும். எனக்குப் பிறகு வாசித்த எல்லோரும் என்னைக் கேட்டார்கள், நான் யாரையும் கேட்கவில்லை. சோலோ உச்சிக்குப் போகும் இடத்தில் என் ஸ்னேர் டிரம் எதுவுமே நடக்காதது மாதிரி போய்க்கொண்டிருக்கும். கேட்கக் கேட்கத் துக்கமாக இருந்தது.

அப்புறம் பேஸ் அண்ணாதான் ஒரு வழி சொன்னார். எல்லோரும் முடித்தபின் என் முதல் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, முழுப் பாட்டையும் கேட்டுக்கொண்டே மறுபடி அடிக்கச் சொன்னார். ஹெட்ஃபோனில் அவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். பாடகி வரியை முடிக்குமுன் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது, அந்த மூச்சுக்குச் சிம்பலைத் தூக்கினேன். ஊரடங்கில் நான் முழு மனசோடு வாசித்தது அன்றுதான்.

வாராவாரம் வரும் ரசிகை:

நான் எதுவும் வாசிப்பதில்லை, ஆனால் கேட்பவர்களும் இந்தக் கூட்டம்தான் என்பதால் எழுதுகிறேன். நம் மூத்தவர்களில் பலரிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. எல்லோரும் திரைக்குப் போனபோது அவர்கள் அப்படியே விடுபட்டுவிட்டார்கள். ஜாமில் வாசிப்பவர்கள் பெயர் எழுதும் பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு தொலைபேசி எண்களைத் தேடிப் பிடித்து, யார் யாரை வாரம் ஒருமுறை கூப்பிடுவது என்று நானும் இன்னும் சிலரும் பிரித்துக்கொண்டோம். மருந்து வேண்டுமா, சாமான் வேண்டுமா என்று கேட்கத்தான் கூப்பிடுவோம், பேச்சு எப்படியும் இசைக்குப் போய்விடும்.

நம் மூத்த பியானோக்காரர் லேண்ட்லைனில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டார். பழைய தொலைபேசிக் கம்பியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் போகாது, பேஸின் கீழ் இ கம்பியோ சுமார் 41 ஹெர்ட்ஸ். "பேஸ் எங்கேப்பா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அதனால் பேஸ்காரரே கிட்டாரை எடுத்து அந்த வரியை மேலே தூக்கி வாசித்துக் காட்டுவார். பெரியவர் அந்தப் பக்கம் பியானோவில் வலது கையால் சேர்ந்துகொள்வார். எங்கள் ஊரின் கடைசி நேரடி ஜாம் அதுதான் என்று நான் சொல்வேன், வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்றாலும். 2021இல் தொற்று அவரைக் கொண்டுபோனது. குடும்பத்தார் மட்டும்தான் போக முடிந்தது. அவரைப் பற்றி நாம் கூடிப் பேசியதே பல மாதம் கழித்துத்தான், எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம்.

முதியவர்களுக்குத்தான் எங்கேயும் அடி அதிகம். அமெரிக்காவின் தென்பகுதியில் மூத்த ப்ளூஸ் கலைஞர்களுக்கு உதவ 1994இல் தொடங்கிய மியூசிக் மேக்கர் அமைப்பு போல நிரந்தரமாக ஒன்று ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. நாம் போட்டது அவசரத்துக்கு ஒரு பட்டியல். அதை நிறுத்திவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹார்மோனிகா வாசிப்பவர்:

பெரியவரைப் பற்றி எழுதியதற்கு நன்றி அக்கா. என்னைத் தூக்கிவிட்டதும் அவர்தான்.

2020 கடைசியில் எனக்கு நோய் வந்தது. வீடு திரும்பியபோது படி ஏறினாலே மூச்சு வாங்கும். மருத்துவர் மெல்ல ஆரம்பிக்கலாம் என்றபின் சி சுருதி ஹார்மோனிகாவை எடுத்தேன். ப்ளூஸில் அதை வைத்து ஜி சுருதியில்தான் வாசிப்போம், பாதிக்கு மேல் உள்ளிழுப்பு. இரண்டாம் துளையில் இழுத்து ஸ்வரத்தை வளைப்பதுதான் எங்கள் அ, ஆ. அது வரவே இல்லை, காற்று மட்டும் வந்தது. விற்றுவிடலாம் என்று இருந்தேன்.

பெரியவர் தொலைபேசியில் சொன்னார்: லிக் (சின்ன இசைத் துணுக்கு) எதுவும் வேண்டாம், ஒரே ஒரு ஸ்வரம், வளைக்காதே, நான் நாலு எண்ணும்வரை பிடி. தினமும் கூப்பிட்டார். நாலு ஆறானது, ஆறு எட்டானது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சியாக ஹார்மோனிகா கற்றுத்தரும் வகுப்புகள் தொற்றுக்கு முன்பிருந்தே உண்டு என்று பிறகு தெரிந்தது. அவர் அதையெல்லாம் கேள்விப்பட்டிருக்க மாட்டார், வாசிக்க வைத்தால் ஆள் எழுந்துவிடுவான் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். நான் இரண்டாம் துளையை ஒழுங்காக வளைத்த நாளில் அவர் சொன்னது "சரி, இப்போது கொஞ்சம் இடம் விட்டு வாசி" என்பதுதான்.

பாடகி:

திரும்பக் கூடுவதில் நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாகத் தயங்கினேன் என்று பலருக்கு என்மேல் வருத்தம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற இடத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு சேர்ந்திசைக் குழு ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், முன்பே அறிகுறி இருந்த ஒருவரையும் சேர்த்து, நோய் உறுதியானவர்களும் நோய் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டவர்களுமாக 53 பேர், அதில் இருவர் இறந்தார்கள். பாடுவதே மூச்சை வெளியே தள்ளுவதுதான். மூடிய அறை, தாழ்ந்த கூரை, எல்லோரும் ஒரே மைக்கில் வாய் வைப்பது, நம் ஜாம் அப்படியே இதுதானே. நான் ஒருத்தி போய்ப் பெரியவர்களுக்கு ஏதாவது ஆனால் என்ற பயம் எனக்கு இருந்தது, அது சரியான பயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

வெளியில், திறந்த இடத்தில், ஆளுக்கொரு மைக் என்று ஆனபின் வந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். ப்ளூஸுக்குத் தொற்று புதிதல்ல. அமெரிக்கப் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1918 காய்ச்சலைப் பற்றி 1928இல் பாடிப் பதிவு செய்திருக்கிறார், பத்து வருடம் கழித்து. நாம் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம் என்பதில் ஆச்சரியம் இல்லை.

ஜாமை நடத்துபவர், கிட்டார்:

பாடகி சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் பெரிய இடங்களே நிறுத்திவிட்டன. சிகாகோ ப்ளூஸ் விழா, ஹெலினாவின் கிங் பிஸ்கட் விழா இரண்டும் 2020இல் நடக்கவில்லை, மெம்ஃபிஸின் ப்ளூஸ் விருதுகளை அந்த மே மாதம் இணையத்தில்தான் கொடுத்தார்கள். சின்ன மேடைகளுக்குத்தான் அடி பலம். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் மூடிய அரங்குகளுக்காகச் சட்டம் போட்டு சுமார் 1,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள், அதற்கே அரங்கு நடத்துபவர்கள் மாதக்கணக்கில் ஒன்றுசேர்ந்து போராட வேண்டியிருந்தது. பட்டியலைத் தொடர்வோம் அக்கா, என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவன், கிட்டார்:

நான் ஊரடங்கில்தான் கிட்டார் எடுத்தேன். காணொளி பார்த்துப் பார்த்து, பேக்கிங் டிராக் (பின்னணி இசைப் பதிவு) போட்டு, கிட்டார் கழுத்தின் ஐந்து பெட்டி வடிவத்திலும் பென்டாடோனிக் (ஐந்து ஸ்வர வரிசை) ஓடுவேன். திறந்தவெளி ஜாமுக்கு வந்தபோது, மனிதர்களோடு ஒருமுறைகூட வாசித்திராதவன் நான்.

மேடையில் பாடகி பாடும்போது எல்லாக் கிட்டாரும் அடங்கும் என்பது எந்தக் காணொளியிலும் இல்லை. முஷ்டியை மூடிக் காட்டினால் முடிக்கப் போகிறோம், விரலை மேலே கீழே காட்டுவது சுருதிக்காக, பதினோராவது பாரில் எல்லோரும் பாடகர் முகத்தைப் பார்ப்பார்கள், இதெல்லாம் பக்கத்தில் நின்றால்தான் தெரிகிறது. பேஸ் அண்ணா என்னிடம் ஒன்றும் விளக்கவில்லை, "என் பக்கத்தில் நில், என் காலைப் பார்" என்றார். ஒரு இரவு முழுக்க அவர் காலைப் பார்த்துக்கொண்டு ரிதம் மட்டும் வாசித்தேன். அறையில் இருந்த மாதங்களில் கற்றதைவிட அன்று அதிகம் கற்றேன். டிராக் என்னைக் கவனித்ததே இல்லை, இவர்கள் கவனித்தார்கள்.

பெரியவரை நான் பார்த்ததில்லை. ஆனால் இடம் விட்டு வாசி என்று ஹார்மோனிகா அண்ணா என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னைப் போல வீட்டுக்குள்ளேயே கற்றுக்கொண்டு வந்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா? டிரம்ஸோடு சேரும்போது முதலில் உங்களுக்கு எது பிடிபடவில்லை, எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.