அனுப்பாத கடிதமும் மேசையில் கிடந்த புத்தகமும்

காதல் கதை படிக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு வேலை செய்துகொண்டே இருப்பேன். கதாநாயகன் வரும் இடத்தில் என் தோழியின் முகத்தை வைப்பேன், குரலை மாற்றுவேன், பேசும் வசனத்தை அவள் பேசுகிற மாதிரி திருத்திக்கொள்வேன். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று கேட்டிருந்தால் 17 வயதில் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. நான்சி கார்டன் எழுதிய 'ஆனி ஆன் மை மைண்ட்' கைக்கு வந்தபோதுதான், அந்த வேலை இல்லாமலே ஒரு காதல் கதையை என்னால் படிக்க முடிந்தது.

1982-ல் வந்த, இரண்டு பெண்கள் காதலிக்கிற நாவல் அது. லைசாவும் ஆனியும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சந்திக்கிறார்கள். பழைய கவசங்களும் வாள்களும் வைத்திருக்கும் கூடத்தில், அப்போதுதான் அறிமுகமான இருவரும் போர்வீரர்கள் மாதிரி விளையாட்டுச் சண்டை போடுகிறார்கள். இதையெல்லாம் பிறகு நினைத்துப் பார்த்துச் சொல்பவள் லைசா. அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். ஆனிக்குக் கடிதம் எழுத உட்காருகிறாள், ஆனால் அனுப்ப முடியவில்லை.

என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் ஒரு கடிதம் இருந்தது. மேலே தேதி, கீழே என் தோழியின் பெயர், பக்கத்தில் ஒரு கால்புள்ளி. அதோடு சரி. தேதியை மட்டும் மூன்று தடவை அடித்து மாற்றியிருந்தேன்.

கடைசி அத்தியாயத்தைப் பயத்தோடுதான் திறந்தேன். ஒருத்தி சாவாள், இல்லாவிட்டால் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்றே நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. லைசா போனை எடுத்து ஆனியைக் கூப்பிடுகிறாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பயம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்று பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். மாரிஜேன் மீக்கர் என்ற எழுத்தாளர் 1952-ல் வின் பேக்கர் என்ற புனைபெயரில், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களின் காதலை 'ஸ்ப்ரிங் ஃபயர்' நாவலாக எழுதினார். முடிவு சந்தோஷமாக இருக்கக் கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படி இருந்தால் தபால் துறை புத்தகத்தைப் பறிமுதல் செய்யும் என்று அவருக்குப் பயம். அதனால் ஒருத்திக்குப் புத்தி பேதலிக்கிறது, இன்னொருத்தி தான் காதலிக்கவே இல்லை என்று முடிவு செய்கிறாள். அதே மீக்கர்தான் பிற்பாடு எம். இ. கெர் என்ற பெயரில் இளையோருக்கு எழுதினார். ஒரு பண்ணைக் குடும்பத்தில் அக்காவுக்கு வந்த காதலைத் தம்பி சொல்கிற 'டெலிவர் அஸ் ஃப்ரம் ஈவி' 1994-ல் வந்தது. ஒரே கை எழுதிய இந்த இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் 42 வருடங்கள்.

ஆனியின் கதையையும் சும்மா விடவில்லை. 1993-ல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் அதை எரித்தார்கள். பக்கத்திலிருக்கும் ஓலேத்தாவில் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள், 1995-ல் நீதிபதி அதைத் திரும்ப வைக்கச் சொன்னார். வழக்குப் போட்டவர்களில் அந்த மாணவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

* * *

மேலே உள்ளதைப் படித்ததும் எனக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் ஒரு அம்மா. மாலிண்டா லோவின் 'லாஸ்ட் நைட் அட் த டெலிகிராஃப் கிளப்' நாவலை என் மகள் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். மறந்து வைத்துவிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். 2021-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் பிரிவில் வாங்கிய நாவல் என்று அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கதை 1954-ல், சான் பிரான்சிஸ்கோவில் சீனர்கள் வாழும் சைனாடவுனில் நடக்கிறது. லில்லிக்கு 17 வயது. யாரைப் பார்த்தாலும் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்படுகிற காலம். அதனால் அவள் அப்பாவின் குடியுரிமைத் தாள்கள்கூடப் பறிபோகின்றன. அவள் ஒரு மருந்துக்கடை அலமாரியில், இரண்டு பெண்கள் காதலிக்கிற மலிவு விலை நாவல் ஒன்றைப் பார்க்கிறாள். வாங்கத் துணிவில்லை. நின்ற இடத்திலேயே, யாரும் வராத நேரமாகப் பார்த்துப் படிக்கிறாள். என் பிள்ளையும் எங்கேயாவது இப்படி நின்றுகொண்டு படித்திருப்பாளோ என்று நினைத்ததும் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை.

அப்புறம், லில்லி ஒரு பெண்ணைக் காதலிப்பதை அவள் அம்மா ஏற்றுக்கொள்ள மறுக்கும் இடம் வருகிறது. அதை இரண்டு தடவை படித்தேன். அந்த அம்மாவின் பேச்சில் பாதி என் வாயிலிருந்தும் வந்திருக்கக்கூடியதுதான்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது, "படிச்சிட்டேன்" என்றேன்.

"எது வரைக்கும்?"

"முழுசா."

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லில்லியோட அம்மாவைப் பத்தி என்னம்மா நினைக்கிற?"

"பயந்துட்டா. அந்தப் பயத்துல பிள்ளையைத் தனியா விட்டுட்டா. நான் விட மாட்டேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து தன் தட்டை எடுத்தாள். என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

* * *

இந்த அம்மாவுக்கு என் அன்பு. என் அனுபவம் எழுதுகிற பக்கத்தைச் சேர்ந்தது. இப்படி ஒரு கதையைத் தமிழில் எழுத ஒரு வருடமாக முயற்சி செய்கிறேன்.

முதலில் தடுக்கியது 'அவள்' என்ற சொல்லில்தான். "அவள் அவளைப் பார்த்தாள்" என்றால் யார் யாரைப் பார்த்தது? ஆணும் பெண்ணும் காதலிக்கிற கதையில் 'அவன்', 'அவள்' என்று தானாகப் பிரிந்துவிடும். இங்கே வரிக்கு வரி பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது, அப்போது நெருக்கம் போய்விட்டது. சரி, 'நான்', 'நீ' என்று மாற்றினேன். "நான் வந்தேன், நீ சிரித்தாய்" என்றால் ஆணா பெண்ணா என்றே தெரியாது. சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது பக்கம் எழுதிய பிறகு, அந்தப் பெண்களை நானே ஒளித்து வைக்கிறேன் என்று பட்டது. 'தோழி' என்ற சொல்லும் அப்படித்தான். எனக்குப் பிடித்த சொல், ஆனால் அதைப் போட்டவுடன் வாசிப்பவர் நட்பு என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

நாற்பது பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் பெண்கள், ஒருத்திக்கு உள்ளே ஏதோ நடக்கிறது, இரண்டும் முதல் வரியிலேயே தெரிய வேண்டும். இப்போதைக்கு இப்படி ஆரம்பிக்கிறது: "என் சடையை அவள் பின்னினாள், அவள் சடையை நான் பின்னினேன். தினமும் நடப்பதுதான். அன்றைக்கு மட்டும் ரிப்பனை முடிச்சுப் போட எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது."