பழைய லப்டொப்புக்கு மிண்டா, உபுண்டுவா, டெபியனா? பாமினிக் கேள்வித்தாள்கள்தான் கவலை

வெள்ளவத்தை ரீச்சர்:
வணக்கம். வீட்டில தமிழ் ரியூசன் எடுக்கிறன். லப்டொப் நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரெம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது, 11 இதில ஏறாது. பம்பலப்பிட்டியில ஒரு கடையில கேட்டன், புதுசு வாங்குங்கோ எண்டுட்டினம். இப்ப அதுக்குக் காசில்லை. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம் எண்டு மகன் சொல்லுறான், அதில மிண்ட், உபுண்டு, டெபியன் எண்டு பல வகை இருக்காம். ஆனா பத்து வருசக் கேள்வித்தாள் முழுக்க பாமினி எண்ட பழைய தமிழ் போன்டில கிடக்கு. அதுகள் திறக்குமோ? எதைப் போட?

கொட்டாஞ்சேனை தம்பி:
ரீச்சர், மிண்ட் 22, எக்ஸ்எஃப்சிஈ எண்ட பாரமில்லாத முகப்போட வாற பதிப்பு. 4 ஜிபிக்கு அதுதான் சரி. உபுண்டு 24.04 மேலதான் அது கட்டியிருக்கு, 2029 வரைக்கும் அப்டேட் வரும். உபுண்டுவின்ர சொந்த முகப்பு உங்கட மெஷினுக்குப் பாரம். டெபியனும் நல்லது, நான் வேலையிடத்தில அதைத்தான் வச்சிருக்கிறன். முந்தி அதில வைஃபைக்கான கோப்பைத் தனியாத் தேடிப் போடவேணும். 12ஆம் பதிப்பிலயிருந்து இன்ஸ்டோலரோடயே வருது. எண்டாலும் முதல்தரம் போடுற ஆளுக்கு மிண்ட் லேசு. ஃபெடோரா எண்டு இன்னொரு லினக்ஸ் இருக்கு, அது வேண்டாம், ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாசம்தான் ஆதரவு. வகுப்பு நடக்கிற நேரம் அடிக்கடி மாத்திக்கொண்டிருக்க ஏலாது.

முடிஞ்சால் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்டு போடுங்கோ. எந்த லினக்ஸ் எண்டதை விட அதுதான் வேகத்தில பெரிய வித்தியாசம் தரும்.

தெஹிவளை அச்சகம்:
பாமினிக்குப் பயப்பட வேண்டாம் அக்கா. அது யூனிகோட், அதாவது எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் வரைஞ்ச போன்ட், அவ்வளவுதான். 'எம்' இருக்கிற இடத்தில 'அ', 'கே' இருக்கிற இடத்தில 'ம' வரும். போன்ட் இல்லாத மெஷினில திறந்தால் ஆங்கிலக் குப்பையாத் தெரியிறது அதாலதான். விண்டோஸில இருக்கிற போன்ட் ஃபைலை பெண்டிரைவில எடுத்து, மிண்டில இரட்டைக் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் குடுங்கோ. வேர்டுக்குப் பதிலா மிண்டில இருக்கிற லிப்ரே ஒஃபிஸ் அதே ஃபைலைத் தமிழாக் காட்டும். அட்டவணைகள் கொஞ்சம் நகரலாம், ஒவ்வொண்டாப் பாருங்கோ. எங்களிட்ட அச்சுக்கு அனுப்பேக்க பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கோ, போன்ட் உள்ளேயே போயிடும்.

புதுசா அடிக்கிறதை இனி யூனிகோட்டில அடியுங்கோ. லினக்ஸில மொழி மாத்தி அடிக்கிற ஐபஸ் எண்ட மென்பொருளில எம்17என் எண்ட விசைப்பலகைப் பொதியைப் போட்டால் ரெங்கநாதன் எண்ட தமிழ் விசைப்பலகை கிடைக்கும். பாமினி பழகின கைக்கு எழுத்துகள் பெரும்பாலும் அதே இடத்தில.

வெள்ளவத்தை ரீச்சர்:
நேற்று ஹார்ட் டிஸ்க்கில ஏத்தாமலே பெண்டிரைவிலயிருந்து மிண்டை ஓடவிட்டுப் பாத்தன். வைஃபை உடனே பிடிச்சுது. 2016இல அடிச்ச தாள் ஒண்டைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்து, நெஞ்சு பதறிப்போச்சு. போன்டைப் போட்டு லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தன், 'பகுதி அ' எண்டு தலைப்பு அப்பிடியே வந்துது. ஆனா இண்டைக்குக் காலமை மெஷினைத் திரும்பப் போட்டால் போன்டைக் காணேல்லை. ஏன்?

கொட்டாஞ்சேனை தம்பி:
பெண்டிரைவில ஓடேக்க செய்யிற மாற்றம் ரெம்மிலதான் இருக்கும், மெஷினை நிப்பாட்டினால் போயிடும். ஹார்ட் டிஸ்க்கில ஏத்தினாப் பிறகு போன்ட் அழியாது. ஏத்துறதுக்கு முதல் கேள்வித்தாள் எல்லாத்தையும் வெளி டிஸ்க் ரெண்டில கொப்பி எடுங்கோ ரீச்சர், ஒண்டில இல்லை. பாமினி ஃபைலையும் அதுகளோடயே வையுங்கோ. பிரிண்டர் என்ன மொடல்? பெண்டிரைவில ஓடவிட்டே ஒரு தாள் அடிச்சுப் பாத்திட்டு ஏத்துங்கோ.